இரண்டடி உயரத் தொட்டிக்கு விளக்கு: மூன்று ஆண்டு அனுபவம்

சிங்கப்பூரில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வரவேற்பறையில் நீளமான மீன் தொட்டிக்கு இடமில்லை. அதனால் 60 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம், 60 உயரம் என்று உயரமான தொட்டியாக வாங்கினேன். மீன்களுக்கு அந்த உயரம் சுகம். செடிகளுக்குத்தான் பாடு. மூன்று ஆண்டுகளில் இரண்டு விளக்குகளைப் பயன்படுத்தியிருக்கிறேன்.

முதல் விளக்கு 30 வாட் எல்இடி. '60 செ.மீ. தொட்டிக்கு' என்று பெட்டியில் போட்டிருந்தது. அது நீளத்துக்கான கணக்கு என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. செடி வளர்ப்பவர்கள் பரவலாக வைத்திருக்கும் 60 செ.மீ. தொட்டியின் உயரம் 36தான். என்னுடையது அதைவிட 24 கூடுதல்.

மூன்றே மாதத்தில் வித்தியாசம் தெரிந்தது. ரொட்டாலா என்ற தண்டுச் செடி மேலே சிவந்து அடர்ந்து நின்றது. கீழே இலையெல்லாம் உதிர்ந்து வெறும் தண்டு. முன்பக்கம் பாய் விரித்த மாதிரி படரட்டும் என்று நட்ட மான்டி கார்லோ, வெளிச்சத்தைத் தேடி மெலிந்து நீண்டது. அப்புறம் மஞ்சளாகிப் பிய்ந்து மிதந்தது. மரக்கட்டையின் உச்சியில் கட்டியிருந்த அனுபியாஸ் இலைகளிலோ பச்சைப் புள்ளிப் பாசி, நகத்தால் சுரண்டினாலும் போகாது. ஒரே தொட்டியில் மேலே வெளிச்சம் மிச்சம், கீழே பஞ்சம்.

சிராங்கூன் நார்த் மீன் கடையில் பழக்கமான ஒரு தம்பி, "அண்ணே, வாட்டைப் பார்க்காதீங்க. மண்ணுக்கு எவ்வளவு வருதுன்னு பாருங்க" என்று தன் பார் (PAR) மீட்டரைக் கொடுத்தார். லூமன் என்பது மனிதக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தின் அளவு. செடி பயன்படுத்தும் 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளியை அளப்பது பார். நீர்மட்டத்திலிருந்து 10 செ.மீ. கீழே 190 காட்டியது. மண்ணுக்கு மேல் 24. முன் மூலையில் 13. வெளிச்சம் குறைவாகக் கேட்கும் செடிகளுக்கே 20, 30 வேண்டும். தரையில் படரும் செடிக்கு 50 பக்கம் இருந்தால் நல்லது.

தண்ணீர்தான் ஒளியைக் குடித்துவிடுகிறது என்று நினைத்திருந்தேன். தெளிந்த தண்ணீரில் அரை மீட்டருக்குள் அந்த இழப்பு சொற்பம். கீழே போகப் போக ஒளி விரிந்து சிதறுவதுதான் பெரிய காரணம். விளக்கை நீர்மட்டத்துக்கு 3 செ.மீ. மேலே வைத்தால், உச்சி இலையைவிட மண் நாலு மடங்கு தூரத்தில் இருக்கிறது. 15 செ.மீ. உயர்த்திவிட்டால் அது இரண்டரை மடங்குதான். அதாவது, உயர்த்தும்போது மேலும் கீழும் ஓரளவு சமப்படுகின்றன. ஆனால் மொத்த வெளிச்சம் குறையும். அதை ஈடுகட்ட வலுவான விளக்கு வேண்டும்.

முதல் விளக்கில் பதினான்காம் மாதம் ஒரு வரிசை எல்இடி அணைந்தது. நீராவி உள்ளே புகுந்திருந்தது. அதன் பிறகு வாங்கியது 60 வாட், 90 டிகிரி லென்ஸ், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி. கம்பியில் தொங்கவிட்டிருக்கிறேன். வாங்கிய வாரம் ஆசையில் 100 விழுக்காட்டில் ஓடவிட்டேன், செடிகளுக்காகத் தண்ணீரில் விடும் கரியமில வாயுவைக் கூட்டாமலேயே. பத்தே நாளில் நூல் பாசி. 50க்கு இறக்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, 75இல் நிறுத்தியிருக்கிறேன். அந்த அளவில் மேலே 150, மண்ணில் 48. இரவு ஒன்பது மணிவாக்கில் மான்டி கார்லோ இலைகளில் குண்டூசித் தலை அளவு குமிழிகள் வரிசையாக ஒட்டியிருக்கும். அதைப் பார்க்கவே நாற்காலியைத் தொட்டிக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வேன்.

குறைகளும் உண்டு. தொங்கும் விளக்கு சோபாவில் உட்கார்ந்தால் கண்ணைக் கூசுகிறது. பக்கவாட்டில் கறுப்பு அக்ரிலிக் மறைப்பு ஒட்டினேன். குறுகிய லென்ஸ் என்பதால் மரக்கட்டைக்குக் கீழே நிழல் கடுமை.

நம் ஊருக்கு இரண்டு விஷயம். எங்கள் ஜன்னல் மேற்குப் பார்த்தது. மாலை வெயில் தொட்டியின் பக்கக் கண்ணாடியில் விழுந்தவரை, விளக்கை எவ்வளவு குறைத்தாலும் பாசி அடங்கவில்லை. திரைச்சீலை போட்ட பிறகுதான் அடங்கியது. இன்னொன்று சூடு: குளிரூட்டி போடாத வீட்டில் தண்ணீர் 29, 30 டிகிரிக்குப் போய்விடுகிறது. பழைய டி5 குழல் விளக்குகளின் வெப்பமும் சேர வேண்டாம் என்றுதான் எல்இடியிலேயே நின்றேன்.

கரியமில வாயு விடப்போவதில்லை என்றால் இவ்வளவு வலுவான விளக்கு வேண்டவே வேண்டாம். மண்ணில் 25, 30 கிடைத்தால் போதும். கிரிப்டோகோரைன், ஜாவா ஃபெர்ன் இரண்டும் அதிலேயே அழகாக வளரும். என் தொட்டியிலும் இரண்டு முன் மூலைகள் இன்னும் 30ஐத் தாண்டவில்லை. அங்கே மான்டி கார்லோவைப் பிடுங்கிவிட்டு கிரிப்டோகோரைன் வெண்டியை நட்டிருக்கிறேன். நட்டதும் வழக்கம்போல் பழைய இலைகள் கரைந்தன. போன வாரம் பழுப்பு நிறத்தில் புதுத் துளிர் இரண்டு எட்டிப் பார்த்தது.