டப்பா கொடுத்தார்கள், டேப் எடுக்கவில்லை

கும்பகோணம், காலை ஏழே முக்கால். லேப் கவுன்ட்டரில் இருக்கும் பெண் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “செமன் டெஸ்ட்டா சார்? பாத்ரூம் அந்தக் கடைசி” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்கிறார். சுகர் பார்க்க வந்த பாட்டிகூடத் திரும்பிப் பார்க்கிறார். கையில் ஒரு டப்பா. பாத்ரூம் தாழ்ப்பாள் பாதிதான் விழும். வெளியே யாரோ, “யூரின் கொடுக்கணும், சீக்கிரம்” என்று கதவைத் தட்டுகிறார்கள்.

வளைகுடாவிலிருந்து லீவில் வருகிறவர்கள் இந்த விந்து டெஸ்ட்டை ஏன் ஊரில் எடுக்கிறோம் என்று விளக்க வேண்டியதில்லை. அங்கே கம்பெனி இன்ஷூரன்ஸில் குழந்தையின்மை வைத்தியம் பெரும்பாலும் வராது. இங்கே சாயங்காலத்துக்குள் ரிப்போர்ட் வாட்ஸாப்பில் வந்துவிடும். வேகத்தில் குறையில்லை. ஆனால் 8.10க்கு வைத்த டப்பா, ஏசிக்கு நேர் கீழே யூரின் பாட்டில்களோடு ஒரே டிரேயில் 9.40 வரை கிடந்தது. டெக்னீஷியன் டிபன் முடித்து வரவேண்டுமே! ரிப்போர்ட்டில் விந்தணுக்களின் ‘அசைவு குறைவு’ என்று வந்தால் அதில் பாதி அந்த டிரேயின் வேலையாக இருக்கலாம். சாம்பிள் உடம்புச் சூட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் மைக்ரோஸ்கோப்புக்குப் போய்விட வேண்டும். குளிரில் அசைவு மந்தமாகும், நேரம் போகப் போக இன்னும் விழும்.

கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றுதான். ஒன்றுகூடக் கேட்கவில்லை. கடைசியாக விந்து வெளியேறி எத்தனை நாள் இடைவெளி? 2 முதல் 7 நாள்தான் கணக்கு. பதினோரு மாதம் தனியாக இருந்துவிட்டு, விமானம் இறங்கிய மறுநாளே அம்மா பிடுங்கலில் டெஸ்ட்டுக்கு ஓடினால் அளவு நிறைய இருக்கும், அசைவு குறைந்திருக்கும். அது வியாதி இல்லை, பழைய சரக்கு. வந்ததும் ஒருமுறை வெளியேற்றிவிட்டு மூன்றாம் நாள் கொடுங்கள். சிந்தியதா? முதலில் வரும் பகுதியில்தான் அணுக்கள் அதிகம். அது டப்பாவில் விழவில்லை என்றால் கவுண்ட், அதாவது அணுக்களின் எண்ணிக்கை, பொய். மூன்று மாதத்துக்குள் கடுமையான காய்ச்சல் வந்ததா? வந்திருந்தால் எண்ணிக்கை தற்காலிகமாகச் சரியும். சோப்பு, எண்ணெய், எச்சில் எதுவும் படக்கூடாது, சாதாரண ஆணுறையிலும் பிடிக்கக்கூடாது என்பதையும் யாரும் சொல்வதில்லை.

அடுத்தது அச்சடித்த ‘நார்மல்’. மில்லிக்கு 6 கோடி முதல் 15 கோடி அணுக்கள் வரை என்று போட்டிருந்தார்கள். எந்தக் காலத்து அச்சோ! உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ் எல்லை மில்லிக்கு 1.6 கோடி, மொத்தம் 3.9 கோடி, அளவு 1.4 மில்லி, முன்னோக்கி நீந்துபவை 30 சதவீதம். ஒரு வருடத்துக்குள் மனைவி கருத்தரித்த ஆண்களில் 100க்கு 95 பேர் இதற்கு மேலே இருந்தார்கள், அதுதான் அந்த எண்ணின் அர்த்தம். 4 கோடி வந்தவரை அந்தத் தாள் நோயாளியாக்கிவிடுகிறது. எப்படியும் ஒரு டெஸ்ட்டை வைத்து முடிவு கட்டக்கூடாது, சில வாரம் கழித்து இன்னொன்று வேண்டும்.

இத்தனைக்கும் நடுவில் யாரும் எடை பார்க்கவில்லை. துபாயில் சளி என்று போனால்கூட நர்ஸ் செருப்பைக் கழற்றச் சொல்லி உயரம், எடை, பிரஷர் எடுத்துவிட்டுத்தான் டாக்டர் அறைக்கு அனுப்புவார். இங்கே டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டி மூன்று மாத ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை எழுதினார், அவ்வளவுதான். விரைப்பையில் வீங்கிய நரம்பு இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்க்கவும் இல்லை. பழைய ரயில்வே ஸ்டேஷனில் கலர் பல்பு சுழலும் மெஷின் காசு போட்டால் எடையும் சொல்லும், அட்டைக்குப் பின்னால் ஜோசியமும் சொல்லும். அந்த மரியாதைகூட இல்லை.

எடையை விடத் தொப்பைதான் இங்கே விஷயம். கொழுப்புத் திசுவில் இருக்கும் அரோமடேஸ் என்கிற என்சைம், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைப் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனாக மாற்றும். ஈஸ்ட்ரோஜன் ஏறினால் மூளை, ‘போதும்’ என்று விரைக்கு அனுப்பும் கட்டளையைக் குறைக்கும். தொடையிடுக்கில் சதை கூடினால் சூடும் கூடும். விரை உடம்பை விட 2 முதல் 4 டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். நாளெல்லாம் வண்டி ஓட்டும் டிரைவருக்கு உட்கார்ந்தே இருக்கும் சூடு வேறு. குண்டானவர் எல்லாருக்கும் கவுண்ட் குறையும் என்றில்லை, ஒல்லியானவருக்கு உத்தரவாதமும் இல்லை.

‘டெஸ்டோஸ்டிரோன் கம்மி’ என்று தெரிந்ததும் ஊசி போட்டுக்கொள்கிறார்கள் பாருங்கள், அதுதான் பெரிய தப்பு. வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் உள் உற்பத்தி நிற்கும். கவுண்ட் பூஜ்ஜியத்துக்கே போகலாம், திரும்ப மாதக்கணக்காகும். ஜிம்மில் தருவதும் அதே சரக்குதான்.

எடையைக் குறைத்தால் பலன் உண்டா? டென்மார்க்கில் 56 ஆண்களை 8 வாரம் தினம் 800 கலோரி உணவில் வைத்தார்கள். சராசரியாக 16.5 கிலோ குறைந்தது, விந்தணு அடர்த்தி ஏறக்குறைய ஒன்றரை மடங்கானது. 2022இல் வெளியான ஆய்வு. எடையைத் திரும்ப ஏறவிடாதவர்களுக்கு அந்தப் பலன் ஒரு வருடம் கழித்தும் நின்றது. மருத்துவர் கண்காணிப்பில்லாமல் 800 கலோரியில் இறங்க வேண்டாம். ஓர் அணு உருவாக ஏறக்குறைய 74 நாள், அது வெளியே வர இன்னும் கொஞ்ச நாள். முப்பது நாள் லீவில் சாப்பாட்டைக் குறைத்து, கடைசி வாரம் டெஸ்ட் எடுத்து, “மாறவே இல்லையே” என்று புலம்பிப் பயனில்லை. (லீவில் சாப்பாடு எங்கே குறைகிறது, விருந்துதானே!)

நாம் ஏமாறுவது பேன்ட் சைஸில். 34 பேன்ட் தொப்பைக்குக் கீழே இறங்கி நிற்கும், தொப்பை 40 இஞ்ச் இருக்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் உச்சிக்கும் நடுவில், மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். நம் ஆட்களுக்கு 90 செ.மீ., அதாவது 35 இஞ்ச்சுக்குக் கொஞ்சம் மேல், தாண்டினாலே கவனிக்க வேண்டும்.

லேபுக்கு எதிரிலேயே ஒரு டெய்லர் கடை இருக்கிறது. சட்டை தைக்கக் கொடுக்கிற சாக்கில் தொப்பையையும் அளக்கச் சொல்லுங்கள். கல்யாணச் சட்டை அங்கே தைத்திருந்தால் பழைய நோட்டில் அப்போதைய அளவும் இருக்கும். பெரியவர் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டித் தேடிக் கொடுப்பார்.