இரண்டு ரேர்போ ரேஞ்சரா, ஒற்றை ரேர்போ ஹைலக்ஸா?

போன வருடம் பழைய கெப் ஒன்று தேடி அலைந்ததில் கடைசியாக இரண்டு மிஞ்சின: 2019 ஃபோர்ட் ரேஞ்சர் 2.0 பை-ரேர்போ, ரொயோட்டா ஹைலக்ஸ் 2.8. எடுத்தது ஹைலக்ஸ். ஆனால் ஓடிப் பார்த்தபோது மனம் போனது ரேஞ்சரில்தான்.

இலக்கத்தில் ரேஞ்சர் முன்னுக்கு நிற்கும். 1996 சிசி எஞ்சினில் 213 குதிரைவலு, 500 நியூட்டன் மீற்றர் இழுவை. 2020க்கு முந்திய ஹைலக்ஸில் 2755 சிசிக்கு 177, 450. ரேர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஊதும் சுழலி. ரேஞ்சரின் சின்ன ரேர்போவும் பெரியதும் தொடக்கத்தில் சேர்ந்து ஊதும். எஞ்சின் வேகம் பிடித்ததும் சின்னது ஒதுங்கிவிடும். ஏ9இல் பரந்தன் தாண்டி ஒரு லொறியை முந்தினேன், மிதித்த கையோடு இழுத்தது. ஹைலக்ஸ் கொஞ்சம் யோசிக்கும். சீற்று, ஏசியில் சொல்ல ஒன்றுமில்லை.

என்னைத் தடுத்தது ரேர்போ இல்லை, பெல்ற். அந்த வருட ரேஞ்சரில், வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் ரைமிங் பெல்ற் எஞ்சின் ஒயிலுக்குள் நனைந்தபடியே ஓடுகிறது. ஒயிலை நேரத்துக்கு மாற்றாவிட்டாலோ தரம் பிழைத்தாலோ பெல்ற் ஊறி உதிரும். உதிர்ந்தது ஒயில் பம்பின் வடியில் போய் அடைக்கும். ஒயில் அழுத்தம் விழுந்தால், நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் ரேர்போ தாங்காது. இதில் அது இரண்டு! பெல்ற் அறுந்தாலோ வால்வும் பிஸ்டனும் முட்டும். ஹைலக்ஸில் அந்த வேலைக்கு இருப்பது செயின்.

கராஜ் அண்ணை அந்த ரேஞ்சரின் டிப்ஸ்ரிக்கை இழுத்து, ஒயிலை இரண்டு விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார். தார் மாதிரி. சேர்விஸ் புத்தகம் 60,000 கிலோமீற்றரோடு நின்றிருந்தது, மீற்றரில் 112,000. "தம்பி, பெல்ற்றை மாத்தலாம். இவ்வளவு நாளும் என்ன ஒயில் விட்டவை எண்டு ஆருக்குத் தெரியும்?" என்றார்.

ஹைலக்ஸிலும் குறை இருக்கிறது. புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் பூட்டிய 2.8களின் கோளாறு அவுஸ்திரேலியாவில் வழக்காகி, 2022இல் சமஷ்டி நீதிமன்றம் ரொயோட்டாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அது போக, வீட்டுக்கும் யாழ்ப்பாணத் திருநெல்வேலிச் சந்தைக்குமாகவே ஓடினால் எந்த டிபிஎஃபுக்கும் சூடாகிக் கரியை எரிக்க நேரம் கிடைக்காது. என்னுடையதில் டிபிஎஃப் இல்லை, அதனால் பட்டறிவோடு சொல்ல வழியில்லை. ஓடியதும் இன்னும் 15,000 கிலோமீற்றர்தான்.

சரி, முழுச் சேர்விஸ் கணக்கோடு ஒரே கையில் இருந்த ரேஞ்சர் வந்திருந்தால்? எஞ்சினுக்கு அடியில் ஒயில் நிற்கும் சம்பைக் கழற்றி வடியைப் பார்க்க விடுவார்களா என்று கேட்டிருப்பேன். ஓம் என்றால் காசை எண்ணியிருப்பேன்.