மூன்றரை வருடமாக வீட்டில் ஒரு ஃபயர்வால் பெட்டி: வாங்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மரிட்ஸ்பர்க்கிலிருந்து தம்பி ஒருவர் கூப்பிட்டார். "அண்ணே, நீங்க வச்சிருக்கிற ஃபயர்வால் பெட்டி அறுநூறு ராண்ட் இறங்கியிருக்கு. வாங்கிடவா?" ஃபயர்வால் என்றால் வீட்டு நெட்டுக்கும் வெளி இணையத்துக்கும் நடுவே நின்று, எது போகலாம், எது வரலாம் என்று பார்க்கிற காவல்காரன். அவர் கேட்டது தைப்பூசம் முடிந்து நாலாவது நாள். அதனால் இதில் எரிச்சல் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். கழித்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். டர்பனில் எங்கள் வீட்டுக்கு இதை வாங்கிய பிறகுதான் 2023-இன் லோட் ஷெடிங் (முறை வைத்து மின்வெட்டு) வந்தது. சில நாட்களில் மூன்று தடவை கூட மின்சாரம் போகும். ரவுட்டருக்கென்று இங்கே ஆளாளுக்கு வாங்கி வைத்த சின்ன 12 வோல்ட் யுபிஎஸ்ஸும் ஒரு கட்டத்தில் கைவிரித்துவிட்டது. பெட்டி அணைந்து அணைந்து எழுந்தது, ஒருநாளும் செட்டிங்ஸை மறக்கவில்லை. கடற்கரை ஈரத்துக்குப் பழைய ரவுட்டர் இரண்டு பலியான அதே அலமாரியில் இது இன்னும் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. இந்த நம்பிக்கையில்தான் கோயில் கமிட்டிக்கும் இதையே வாங்கச் சொன்னேன். வினை அங்கே பிடித்தது.

தைப்பூசத்தன்று காலை ஐந்தரை மணி. காவடியோடு நடக்க முடியாத பெரியவர்கள் வீட்டிலிருந்தே பார்க்கட்டும் என்று யூடியூபில் நேரலை ஏற்பாடு. சாமான் அறையில் பால்குடங்களுக்கு நடுவே லேப்டாப். பட்டனை அழுத்தினால் "இணைக்கிறது" என்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. ரொம்ப நேரம் கழித்து, சர்வரோடு இணைய முடியவில்லை என்கிறது. மறுபடி அழுத்தினாலும் அதே கதை. செயலாளர் தன் போனில் யூடியூப் ஓட்டிக் காட்டுகிறார், வாட்ஸ்அப் போகிறது, பிங் அடித்தால் (எதிர்முனை இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது) பதில் வருகிறது. "நெட் நல்லாத்தானே இருக்கு, உங்க லேப்டாப்புலதான் கோளாறு."

அவர் மேல் தப்பில்லை. இணையத்தில் ஒவ்வொரு வேலைக்கும் எண் போட்ட ஒரு வாசல் உண்டு, அதுதான் போர்ட். யூடியூப் பார்ப்பது 443-ஆம் போர்ட் வழியாக. நாங்கள் நேரலை அனுப்பியது ஆர்டிஎம்பி முறையில். அது போவது 1935-இல். பிங்குக்கோ போர்ட் என்பதே கிடையாது. யூடியூப், வாட்ஸ்அப், பிங் மூன்றும் வேலை செய்தாலும் 1935 திறந்திருக்கிறதா என்று அவற்றை வைத்துச் சொல்லவே முடியாது.

பெட்டி 1935-ஐ மூடியிருந்ததில் எனக்கு வருத்தமில்லை, மூடத்தானே வாங்கினோம். மூடும் விதம்தான் ஆத்திரம். ஃபயர்வால் ஒரு போர்ட்டைத் தடுக்க இரண்டு வழி உண்டு. ரிஜெக்ட் என்றால் "இந்தப் பக்கம் வழி இல்லை" என்று உடனே பதில் போகும், கேட்ட புரோகிராம் அந்த நொடியே பிழை காட்டிவிடும். டிராப் என்றால் வந்த பாக்கெட்டை (தகவல் துண்டை) விழுங்கிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். புரோகிராம் பாவம், பாக்கெட் வழியில் தொலைந்ததோ என்று ஒரு நொடி பொறுத்து மறுபடி தட்டும், பிறகு இரண்டு நொடி, நாலு, எட்டு என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போகும். லினக்ஸை அதன் போக்கில் விட்டால் இரண்டு நிமிடத்துக்கும் மேல் கழித்துத்தான் கைவிடும். பார்ப்பவருக்கு அது தடை என்றே தோன்றாது. சர்வர் படுத்துவிட்டது, நெட் மந்தம் என்றுதான் தோன்றும்.

வெளியிலிருந்து துழாவுகிறவனுக்கு டிராப் சரி, அவனுக்கு எதற்குப் பதில்? வீட்டுக்குள்ளிருந்து வெளியே போகிறவர்களிடம் இல்லை என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்?

இந்தப் பெட்டியின் கடுமைப் பயன்முறை வெளியே போவதில் சில போர்ட்களை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் டிராப் செய்யும். நான் அதைத் தளர்த்தி, மிச்சத்தை ரிஜெக்ட் என்று மாற்றி வைப்பேன். ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட் வந்ததும் மறுபடி பழையபடி. இதுவரை நாலு தடவை! போன வருடம் வீட்டில் என் மனைவிக்கு மெயில் வந்துகொண்டே இருந்தது, போகத்தான் இல்லை. வருகிற 993 திறந்திருந்தது, அனுப்புகிற 587 அடைபட்டிருந்தது. இரண்டு நாள் அவுட்பாக்ஸில் பதினோரு கடிதம் கிடந்தது. அவள் தன் ஆபீஸ் சர்வரைத் திட்டிக்கொண்டிருந்தாள். கோயிலிலும் தைப்பூசத்துக்கு முந்தின வாரம் அப்டேட் தானாக ஏறியிருக்கிறது. நான் பார்க்கவில்லை, அது என் தப்பும்தான்.

அன்று பெட்டியின் பாஸ்வேர்ட் வைத்திருந்தவர் காவடியைத் தோளில் ஏற்றிவிட்டார். அப்புறம்தான் மூளை வேலை செய்தது: நேரலை முகவரியை ஆர்டிஎம்பிஎஸ்ஸுக்கு (ஆர்டிஎம்பியின் பூட்டுப் போட்ட வடிவம்) மாற்றினால் 443 வழியாகவே போகும். போனது. அதற்குள் முதல் காவடிகள் வாசலைத் தாண்டிவிட்டன. "சாமி எங்கேப்பா?" என்று ஒரு பாட்டி கமெண்டில் கேட்டிருந்தார்.

சாயந்திரம் பெட்டியின் லாக்கை, அதாவது நடந்ததைக் குறித்து வைக்கும் பதிவேட்டை, திறந்தேன். நேரம், லேப்டாப்பின் முகவரி, 1935, டிராப். வரிசையாக, ஒன்று விடாமல். இவ்வளவு சுத்தமான லாக்கை இந்த விலையில் வேறு எதிலும் நான் பார்த்ததில்லை. எல்லாம் தெரிந்திருக்கிறது கடன்காரனுக்கு, கேட்கிறவனிடம்தான் சொல்ல மாட்டான்.

என்னுடையதை விற்க மாட்டேன். தம்பி, நீ வாங்காதே. மீறி வாங்கினால் தானியங்கி அப்டேட்டை அன்றைக்கே நிறுத்து, மாதம் ஒருமுறை கையால் ஏற்று, ஏற்றியதும் கடுமைப் பயன்முறையைப் பார். அந்த பாஸ்வேர்டையும் காவடி எடுக்காத ஆளிடம் கொடுத்து வை.