உள்ளூர் லீக்கா, வெளிநாட்டு கிளப்பா?

"பந்தாட்டம் சோறு போடுமா?" என்று சிங்கப்பூரின் ஈசூனில் ஓர் அம்மா, காற்பந்து வீராங்கனையாக ஆசைப்படும் மகளிடம் கேட்டால், நியாயமான கேள்விதான். சிங்கப்பூர் மகளிர் பிரிமியர் லீக்கில் ஆடும் பலர் படித்துக்கொண்டோ வேலை பார்த்துக்கொண்டோதான் பயிற்சிக்குப் போகிறார்கள். வீட்டுச் சாப்பாடு உண்டு, சம்பளம் பெரிதில்லை.

வெளிநாட்டுக் கதை வேறு. சிங்கப்பூர் வீராங்கனை டேனெல் டான் 2023-ல் ஜெர்மனியின் டோர்ட்மண்ட் மகளிர் அணியில் சேர்ந்தார். கிளப்பின் பெயர் பெரிது. ஆனால் அதன் மகளிர் அணி 2021-ல்தான் அடிமட்டப் பிரிவிலிருந்து ஆடத் தொடங்கியது. பிறகு அவர் ஜப்பானுக்குப் போனார், அங்கே மகளிருக்குத் தொழில்முறை லீக்கே இருக்கிறது. அப்புறம் குளிர், தனிமை, முழங்கால் காயம் பற்றிய பயம் எல்லாம் கூடவே வரும்.

என்னைக் கேட்டால், மகள் டிப்ளோமாவை முடித்துவிட்டு வெளிநாட்டுக்குக் கிளம்பலாம். பையன்களுக்கு வருவதுபோலக் கட்டாயத் தேசிய சேவை (ராணுவம் போன்றவற்றில் பணி) பெண்களுக்குக் குறுக்கே வராது.