திரும்பி வந்த கோல்ட் பைத்தான்

கோல்ட் (Colt) நிறுவனம் 1955-ல் அறிமுகப்படுத்திய பைத்தான் ரிவால்வர் 2020-ல் திரும்ப வந்தது. அதே .357 மேக்னம் ரகத் தோட்டா, அதே ஆறு அறை. பழைய நீல மெருகுக்கு ஏங்கியவர்களுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் முதலில் கசந்தது.

கோயம்புத்தூர் லேத் பட்டறைக்காரருக்கு வித்தியாசம் சட்டெனப் புரியும். பழையதில் பாகங்களை அரம் போட்டு ராவிப் பொருத்தினார்கள். தோட்டா அறைகள் உள்ள சிலிண்டரைத் தள்ளிச் சுழற்றும் நாக்கு தேய்ந்தால் அறை குழாய்க்கு நேராக நிற்காது. சுடும்போது குண்டின் ஈயம் சீவிப் பக்கவாட்டில் தெறிக்கும். புதியதில் பாகங்கள் குறைவு, சிலிண்டருக்கு மேலுள்ள சட்டம் தடிமன். விசை இழுப்பு அருமை, சீராக வருகிறது. பின் குறிநோக்கிதான் அதிர்வில் நகர்வதாகப் பலர் குறைப்படுகிறார்கள், நியாயமான குறை.

நாக்கு தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க, தோட்டா இல்லையென்று உறுதிசெய்து, பின்னாலுள்ள சுத்தியலை (hammer) மெதுவாக இழுங்கள். அது முழுதாக ஏறி நிற்பதற்குள் சிலிண்டர் பூட்டிவிட வேண்டும். ஆறு அறையிலும் பாருங்கள்.