வளையமா, போக்கிமானா, கைப்பட்டையா?

கோடை விடுமுறைக்கு அக்கா மகன் பாளையங்கோட்டைக்கு வந்திருந்தான். பத்து வயது. இங்கே பதினோரு மணிக்கு மேல் அடிக்கிற வெயிலில் பிள்ளையை வெளியே விட மனசு வராது. வீட்டுக்குள் இருந்தாலோ செல்போனும் கையுமாகத்தான் கிடப்பான். 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் சராசரியாகத் தினம் 60 நிமிடமாவது நன்றாக ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். சரி, விளையாட்டு வழியாகவே அதைச் செய்ய முடியுமா என்று பார்த்தோம்.

முதலில், நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற வீடியோ கேம் கருவியில் ஓடும் ரிங் ஃபிட் அட்வெஞ்சர். 2019ல் வந்தது. அத்தான் துபாயிலிருந்து கொண்டுவந்தார். கையில் ஒரு வளையம், இடது தொடையில் ஒரு பட்டை. நின்ற இடத்திலேயே ஓடினால் திரையில் இருப்பவனும் ஓடுவான். எதிரியை வீழ்த்த வேண்டுமானால் தோப்புக்கரணம் மாதிரி உட்கார்ந்து எழ வேண்டும், வளையத்தை இரு கையாலும் நெரிக்க வேண்டும். இருபது நிமிடத்தில் பையனின் பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டது. நாங்கள் இருப்பது மாடி வீடு, கீழே ஹவுஸ் ஓனர். சத்தம் கேட்காமல் விளையாட அதிலேயே வழி இருக்கிறது: ஓடாமல் முழங்காலை மடக்கி நிமிர்ந்தால் போதும். மழைக்காலத்துக்கும் உச்சி வெயிலுக்கும் இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

ஆனால் கதை விளையாட்டை ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஆட முடியும். நான் பக்கத்தில் உட்கார்ந்து “இன்னும் நாலு, இன்னும் மூணு” என்று எண்ணிய நாளெல்லாம் ஆடினான். நான் வேலைக்குப் போன நாளில் வளையம் சோபாவுக்கு அடியில் கிடந்தது. அமெரிக்காவில் ஹூஸ்டன் ஆய்வாளர்கள் 2012ல் வெளியிட்ட முடிவும் இதற்கு ஒத்துப்போகிறது: உடலசைத்து ஆடும் விளையாட்டுகளை வீட்டுக்குக் கொடுத்தும், பிள்ளைகளின் மொத்த உடலுழைப்பு கூடவில்லை.

அடுத்து போக்கிமான் கோ. செல்போனைப் பார்த்தபடி வெளியே நடந்து நடந்து, திரையில் தெரியும் கற்பனை உயிரினங்களைப் பிடிக்க வேண்டும். 2016ல் வந்தபோது உலகையே தெருவில் இறக்கிய விளையாட்டு. அமெரிக்க இளைஞர்களிடம் நடத்திய ஆய்வில் முதல் வாரம் தினம் 955 காலடிகள் கூடின. ஆறாவது வாரத்தில் பழைய கணக்குக்கே வந்துவிட்டன. அதைவிட எனக்குப் பெரிய கவலை, டவுன் ரத வீதி நெரிசலில் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு நடப்பது. தனியாக அனுப்பவே மாட்டேன்.

மூன்றாவது, காலடி எண்ணும் கைப்பட்டை. இது ஆச்சிக்காக வாங்கியது. பத்தாயிரம் அடி என்ற இலக்கு 1960களில் ஜப்பானில் விற்ற ஒரு நடையளவியின் பெயரிலிருந்து வந்தது. மருத்துவர்கள் போட்ட கணக்கு இல்லை. அதனால் ஆச்சிக்கு நாலாயிரம் என்று வைத்தோம். சாயங்காலம் வ.உ.சி. மைதானத்தைச் சுற்றி நடப்பார். பையன் அங்கே கிரிக்கெட் ஆடுவான், அதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

எனவே பகலில் பையனுக்கு வளையம், ஆள் கூட இருந்தால் மட்டும். பெரியவர்களுக்குக் கைப்பட்டை. அப்புறம் ஒரு விஷயம்: தெருக்குழாயிலிருந்து தண்ணீர் எடுத்து வந்த நடையெல்லாம் ஆச்சி கணக்கில் ஏறவே இல்லை. குடத்தை அணைத்த இடது கை ஆடாததால் பட்டைக்கு அது நடையாகவே தெரியவில்லை. இப்போது வலது கையில் கட்டியிருக்கிறார்.