லூஸ் கான்டாக்ட்: இரண்டு வருடமாக என்னிடம் இருக்கும் கையடக்க கேம் கன்சோல்

திருமங்கலத்தில் இருக்கும் நண்பன் போன வாரம் போன் செய்தான். நான் வைத்திருக்கும் அதே கேம் கன்சோல் இப்போது விலை குறைந்திருக்கிறதாம். மகனுக்கு முழுப்பரீட்சை லீவுக்கு வாங்கித் தரலாமா என்று கேட்டான். "இல்லேன்னா உன்னோடதையே குடுத்துடு மாப்ள, நீ எங்க விளையாடப் போற" என்றும் சேர்த்துக்கொண்டான். ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற பதில் என்னிடம் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

மூன்றரை அங்குலத் திரை, ஆர்கே3326 சிப், 1 ஜிபி ரேம், லினக்ஸில் ஓடும் ஆர்க்ஓஎஸ் என்ற இயங்குதளம், சிஸ்டத்துக்கு ஒன்று கேம்களுக்கு ஒன்று என இரண்டு மெமரி கார்டுகள். வாங்க நினைப்பவர்கள் இதையெல்லாம் ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். நான் சொல்ல வந்தது ஒரே விஷயம்: இது சில சமயம் ஆன் ஆகாது.

அந்தச் 'சில சமயம்'தான் என்னைப் படுத்தி எடுத்தது. அடியோடு செத்துப்போன கருவி என்றால் கழற்றிப் பார்க்கலாம், இல்லை தூக்கிப் போடலாம். இது காலையில் ஆன் ஆகும், மதியம் ஆகாது, ராத்திரி மறுபடி ஒன்றுமே நடக்காத மாதிரி ஆன் ஆகும். பச்சை விளக்கு எரியும், திரை மட்டும் கறுப்பாகவே நிற்கும். முதல் ஆறு மாதம் இந்தத் தொல்லை இல்லை. அப்புறம் வாரத்துக்கு ஒரு முறை, அப்புறம் ஐந்து முறை அழுத்தினால் ஒரு முறை என்று ஆனது.

முதலில் சார்ஜர் மேல் சந்தேகப்பட்டேன். லேப்டாப்புடன் வந்த சார்ஜரில் இரவு முழுக்கப் போட்டு வைத்தும் காலையில் பேட்டரி காலியாக இருந்தது. காரணம் பிறகுதான் தெரிந்தது. இரண்டு முனையும் டைப் சி ஆன கேபிளில், கருவிக்குள் 5.1 கிலோ ஓம் மின்தடைகள் இருந்தால்தான் சார்ஜர் மின்சாரத்தையே திறந்துவிடும். மலிவு விலைக் கருவிகள் பலவற்றில் அதை வைப்பதில்லை. ஒரு முனை பழைய யுஎஸ்பியாக இருக்கும் கேபிளைப் போட்டால் ஒழுங்காக ஏறுகிறது. சரி, அது வேறு கதை. சார்ஜ் முழுதாக இருந்தபோதும் திரை கறுத்தது.

அடுத்து பேட்டரி. மதுரை செல்லூரிலிருந்து பாலம் தாண்டி டவுன்ஹால் ரோட்டுக்குப் போனேன். அங்கே சர்வீஸ் செய்யும் தம்பி மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தார், 3.9 வோல்ட். முழுதாக ஏறினால் 4.2 காட்டும், ஆக பேட்டரி காலியாகவில்லை. கார்டை எடுத்துப் பார்த்தார், திரும்பச் சொருகினார், பட்டனை அழுத்தினார். உடனே ஆன் ஆனது. "என்னண்ணே, நல்லாத்தானே ஓடுது" என்றார். நான்தான் பிடிவாதமாக 450 ரூபாய் கொடுத்துப் புதுப் பேட்டரி போட்டுக்கொண்டு வந்தேன். வீட்டு வாசலில் அழுத்தினேன், கறுப்புத் திரை. அடுத்த மாதம் மறுபடி போனேன், கடையில் மறுபடி ஆன் ஆனது. சித்திரை வெயில் காலம் என்பதால் சூட்டின் வேலையோ என்று நினைத்து, ஒரு வாரம் மண்பானைக்குப் பக்கத்திலேயே வைத்துப் பார்த்தேன். அதிலும் ஒரு வித்தியாசமும் இல்லை.

அதன் பிறகுதான் ஊகிப்பதை நிறுத்திவிட்டு ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். நேரம், சார்ஜ், எந்தக் கார்டு, ஆன் ஆனதா இல்லையா, கடைசியாக எப்படி அணைத்தோம். இந்தக் கருவி கண்விழிக்கும் வரிசையையும் அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். சிப்புக்குள்ளேயே இருக்கும் சின்ன நிரல் முதலில் எழுந்து, கார்டின் தொடக்கத்தில் இருக்கும் பூட்லோடரை, அதாவது சிஸ்டத்தை எழுப்பிவிடும் நிரலைப் படிக்கிறது. பூட்லோடர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலையும், திரை எது பட்டன் எது என்று சொல்லும் டிடிபி கோப்பையும் எடுக்கிறது. கார்டைப் படிக்க முடியாமல் போனால் விளக்கு எரியும், திரையில் ஒரு எழுத்தும் வராது. என் நோய்க்கும் இதே அறிகுறிதான்.

கூடவே வந்த பெயரில்லாத கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டு அப்படியே நகலெடுக்கப் பார்த்தேன். ஒரே இடத்தில் மூன்று முறை நின்றது. கார்டு கெட்டிருந்தது. நல்ல கம்பெனிக் கார்டு வாங்கி ஆர்க்ஓஎஸ்ஸைப் புதிதாக ஏற்றினேன். இப்போது மெனுவில் நகரும் சத்தம் கேட்கிறது, திரை கறுப்பு! அன்று இரவு எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. விஷயம் என்னவென்றால், ஒரே பெட்டியில் விற்றாலும் தயாரித்த சமயத்துக்கு ஏற்ப உள்ளே திரை மாறுகிறது, அதற்கேற்ற டிடிபி கோப்பும் மாறுகிறது. பழைய கார்டின் பூட் பகுதி நல்லவேளையாகத் திறந்தது. அதிலிருந்து அந்தக் கோப்பைப் புதுக் கார்டில் போட்டதும் படம் வந்தது.

நான்கு மாதம் நிம்மதி. அப்புறம் மறுபடியும் அதே கறுப்பு.

இந்த முறை நோட்டு கைகொடுத்தது. ஆன் ஆகாத நாட்களில், நான் கார்டை எடுத்துத் திரும்பச் சொருகிய உடனே ஆன் ஆகியிருக்கிறது, ஒரு முறைகூடத் தவறவில்லை. அதைப் பார்த்ததும் டவுன்ஹால் ரோட்டுக் கடை ஞாபகம் வந்தது. அங்கே ஆன் ஆனதற்குக் காரணம் வேறொன்றும் இல்லை. சோதிப்பதற்கு முன்னால் அந்தத் தம்பி ஒவ்வொரு முறையும் கார்டைக் கழற்றிப் போட்டிருக்கிறார். நோயைக் காட்டப் போன இடத்தில், காட்டுவதற்கு முன்பே அது தற்காலிகமாகத் தீர்ந்திருக்கிறது.

டிவியில் மாட்டி ஆடிய அந்தக் கால வீடியோ கேம் கேசட்டுகளை நாம் எல்லோரும் ஊதி ஊதிச் சொருகியிருக்கிறோம். செல்லூரில் மணிக்குப் பத்து ரூபாய் வாங்கிக்கொண்டு விளையாட விடும் கடையில், ஊதுவதற்கென்றே ஒரு பையன் இருப்பான். ஊதியதால் எச்சில் ஈரம்தான் பட்டது. வேலை செய்தது, எடுத்துத் திரும்ப மாட்டியது. முப்பது வருடம் கழித்து அதையே ஒரு நகத்தளவு கார்டில் நான் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

மூன்றாம் முறை கடைக்குப் போனபோது கார்டைத் தொட விடவில்லை. "அப்படியே ஆன் பண்ணுங்க தம்பி" என்றேன். கறுப்பு. கார்டு இருக்கும் இடத்தில் முதுகுப் பக்கம் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு ஆன் செய்யச் சொன்னேன். படம் வந்தது. அவர் பூதக்கண்ணாடி விளக்குக்குக் கீழே வைத்துப் பார்த்துவிட்டு, "டிரை சால்டர்ணே" என்றார். கார்டு சொருகும் சாக்கெட்டின் ஒரு கால், போர்டோடு ஒட்டிய இடத்தில் மயிரிழையாக விட்டிருந்தது. அப்பா சட்டைப் பையிலிருந்து திண்ணையில் ஒருமுறை விழுந்தது, அப்போது விட்டிருக்கலாம். சூடு வைத்து ஈயம் ஓடவிட்டார், ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்தார், 150 ரூபாய். ஒரே உடம்பில் இரண்டு நோய் இருந்திருக்கிறது. ஒன்றைத் தீர்த்ததும் மற்றதும் போய்விட்டது என்று நினைத்ததில் நான்கு மாதம் போனது.

அதற்குப் பிறகு மூன்று மாதம். தினமும் நோட்டில் ஒரு டிக். ஒரு நாள்கூட விடுபடவில்லை.

இவ்வளவு திட்டியும் இதை ஏன் வைத்திருக்கிறேன் என்றால், அப்பா. அறுபத்தெட்டு வயது, ஆயுசில் பாதியைத் தறியில் கழித்தவர், கையில் போன் கொடுத்தால் கண்ணாடியைத் தேய்ப்பது மாதிரி இருக்கிறது என்று திருப்பித் தந்துவிடுவார். இதில் இருக்கும் திசைப் பட்டன் அவருக்குப் பிடித்துவிட்டது. அழுத்தினால் அழுத்தியது விரலுக்குத் தெரிகிறது. மாதாந்திர மின்தடை நாளில் திண்ணையில் உட்கார்ந்து, மேலிருந்து விழும் கட்டங்களை அடுக்கும் கேமை விடாமல் ஆடுகிறார். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஸ்கோர் கேட்டுவிட்டுப் போகிறார்கள். 3,500 ரூபாய்க்கு இதைவிட நல்ல பட்டன்கள் உள்ள கருவியை நான் தொட்டதில்லை.

ஆனாலும் மாப்ள, உன் மகனுக்கு இதை வாங்காதே. பரிசுப் பெட்டியைப் பிரிக்கும் அன்று பையன் கறுப்புத் திரையைப் பார்க்கக்கூடாது. எனக்கு நேரம் இருந்தது, டவுன்ஹால் ரோடு பக்கத்தில் இருந்தது. உன் கடையைப் பூட்டவே உனக்கு ராத்திரி பத்தாகிறது.

கேட்காமல் வாங்கிவிட்டாய் என்றால், வந்த அன்றே கூட வரும் கார்டை முழுசாக நகலெடுத்து வை, அந்த டிடிபி கோப்பு அதில்தான் இருக்கிறது. நல்ல கார்டு ஒன்று வாங்கி அதில் ஏற்று. பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்காமல், மெனுவுக்குள் போய் அணைக்கச் சொல்லிக் கொடு. கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது கருவி சட்டென்று அணைந்தால் கோப்புகள் கெடும்.

என்னுடையதைக் கேட்டாயே, அதைத் தர முடியாது. அப்பா இப்போது அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறார்.